டவுன்ஹால் ரோட்டு மாடியில ஒரு கேசட் அண்ணன்: 9 டெமோ டேப் குடுத்த அனுபவம்

மொதல்லயே விஷயத்த சொல்லிர்றேன். வீட்ல பழைய கேசட் வச்சிருக்கவங்க, அது ஜெபக்கூட்ட டேப்போ, தாத்தா பேசுன டேப்போ, இல்ல என்னை மாதிரி கிறிஸ்டியன் ஹார்ட் ராக், மெட்டல் டெமோன்னு, அதாவது ஆல்பத்துக்கு முன்னாடி பேண்டுங்க தாங்களே பதிஞ்ச டேப்புன்னு, தேடிக்கிட்டு அலையுற ஆளோ, மதுரையில அத கம்ப்யூட்டருக்கு மாத்தணும்னா இவர்கிட்ட குடுங்க, வேற எங்கயும் குடுக்காதீங்க. கடை பேரு நம்பர் எதுவும் போட வேணாம்னு அவரே கேட்டுக்கிட்டாரு, ஏற்கனவே வேலை குவிஞ்சு கிடக்கு தம்பின்னு சொன்னாரு, அதனால வழி மட்டும் சொல்றேன். ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி டவுன்ஹால் ரோட்டுல கோயில பாத்து நடங்க, பாதி தூரத்துல ஒரு பேக் கடைக்கும் லாட்ஜுக்கும் நடுவுல குறுகலா ஒரு மாடிப்படி போகும், ஏறுனா ரெண்டாவது மாடியில வாசல்ல பழைய ஸ்பீக்கர் பாக்ஸ் நாலு அடுக்கி வச்சிருக்கும், அதான் கடை. உள்ள ஒரு ஆளு உக்காரத்தான் இடம் இருக்கும், மிச்சமெல்லாம் கேசட் ஓட்டுற டெக்கு, ஆம்ப், பெல்ட் போட்டு வச்ச பிஸ்கட் டப்பா.

நான் குடுத்தது என்னன்னு சொன்னாத்தான் அவரு செஞ்ச வேலை புரியும். எங்க சித்தப்பா கொடைக்கானல்ல எலக்ட்ரீஷியனா இருந்தவரு, அங்க அமெரிக்காவுல இருந்து வந்து வாத்தியார் வேலை பாத்த ஒருத்தர் வீட்டுக்கு வயரிங் மோட்டார் எல்லாம் இவருதான் பாப்பாரு, அவரு ஊருக்குத் திரும்புறப்ப ஒரு ஷூ டப்பா நிறைய கேசட்ட சித்தப்பா கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. சித்தப்பாவே காப்பி எடுத்த ஒண்ணையும் சேத்து டப்பாவுல மொத்தம் 14. சித்தப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு, போன வருஷம் சித்தி பசுமலை வீட்ட காலி பண்றப்ப கூப்புட்டு "டேய், உங்க சித்தப்பாவோட கத்துற பாட்டு டப்பா ஒண்ணு கிடக்கு, வேணுமா இல்ல பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுறவா"ன்னு கேட்டாங்க, நான் அன்னைக்கே பைக்கை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துட்டேன்.

டப்பாவ திறந்தா அஞ்சு கேசட் கடையில வாங்குனது, ஸ்ட்ரைப்பர் ரெண்டு, பெட்ரா ஒண்ணு, இப்பிடி அமெரிக்க கிறிஸ்டியன் ராக் பேண்டுங்களோடது. மீதி 9 வெத்து டேப்புல பதிஞ்சது, பேனாவுல எழுதுனது, ரெண்டுல எழுத்து அழிஞ்சே போச்சு. எனக்கு கை நடுங்குனது அந்த 9ஐ பாத்துத்தான்.

ஏன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்றேன். கிறிஸ்டியன் ராக்னா நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு மஞ்சள் கருப்பு கோடு போட்ட ஸ்ட்ரைப்பர்தான் தெரியும். கலிஃபோர்னியா பேண்டு, 1984ல மொத ரெக்கார்ட் விட்டாங்க, ஏசாயா 53:5ல வர்ற தழும்புகளால் குணமாகிறோம்ங்கிற வசனத்துல இருந்துதான் அந்தப் பேரு, மேடையில இருந்து கூட்டத்துக்குள்ள பைபிளத் தூக்கிப் போடுவாங்க. 1986ல வந்த ஆல்பம் அமெரிக்காவுல பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. ஆனா அவங்களே ஸ்ட்ரைப்பர் ஆகுறதுக்கு முன்னாடி ராக்ஸ் ரெஜீம்ங்கிற பேருல டெமோ போட்டுக்கிட்டு இருந்த பசங்கதான், அந்த டெமோ பாட்டெல்லாம் 2007லதான் முறையா வெளிய வந்துச்சு. சிகாகோவுல ரிசரெக்‌ஷன் பேண்டுன்னு ஒண்ணு, 1974லயே ரெண்டு கேசட் போட்டாங்க, ஒண்ணு முழுக்க கரண்ட் கிட்டார், ஒண்ணு சும்மா அகூஸ்டிக், அதுக்கு நாலு வருஷம் கழிச்சு 1978லதான் அவங்க மொத ஆல்பம் வருது. அந்த நாலு வருஷமும் அவங்க சத்தம் எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கணும்னா கேசட்டத்தான் தேடணும்.

இந்த மாதிரி நூத்துக்கணக்குல சின்ன பேண்டு இருந்துச்சு. பெரிய கம்பெனிக்காரன் இவனுங்க ரொம்ப சர்ச்சு ஆளுங்கன்னு தள்ளிட்டான், சர்ச்சுக்காரங்க இவனுங்க முடி வளத்து கத்துறானுங்கன்னு தள்ளிட்டாங்க, ரெண்டு பக்கமும் கதவு அடைச்சதுனால வீட்டு ஷெட்டுலயும் சர்ச்சு பேஸ்மெண்ட்லயும் உக்காந்து தாங்களே பதிஞ்சு, தாங்களே காப்பி போட்டு, தபால்ல அனுப்பி, கச்சேரி முடிஞ்சு மேசை போட்டு வித்தாங்க. 1985ல டெக்சாஸ்ல ஆஸ்டின்ல டக் வான் பெல்ட்டுங்கிறவரு ஹெவன்ஸ் மெட்டல்னு ஒரு சின்ன பத்திரிகை ஆரம்பிச்சாரு, இந்த ஆளுங்களுக்கு அது ஒரு தபால் பெட்டி மாதிரி. அப்புறம் ரெட்ரோஆக்டிவ், ராக்ஸ் ரெக்கார்ட்ஸ் மாதிரி சின்ன கம்பெனிங்க பழசத் தேடித் தேடி திரும்ப சிடியா போட்டாங்க, அதனாலதான் நம்மளால இன்னைக்கு பாதியாவது கேக்க முடியுது. மீதிப் பாதி இன்னும் எவன் வீட்டுப் பரண்லயோதான் கிடக்கு.

இத ஏன் இவ்ளோ ஆசையா தேடுறன்னு சித்தி கேட்டாங்க. ஆல்பத்துல இருக்குற பாட்டுல எல்லாம் சரியா இருக்கும், நாலு தடவ பாடி நல்லத எடுத்து ஒட்டியிருப்பாங்க. டெமோவுல அவன் பாடுன ஒரே தடவதான். தொண்டை உடையுற இடம், டிரம்ஸ்காரன் பயத்துல வேகமா போற இடம், எல்லாம் அப்பிடியே இருக்கும். எனக்கு அதுதான் ஜெபம் மாதிரி கேக்குது.

சரி கடைக்கு வர்றேன். நான் மொதல்ல போனது இவர்கிட்ட இல்ல. ஊருக்குள்ள வேற ஒரு இடத்துல, பேரு வேணாம், போட்டோ ஆல்பம் சிடி எல்லாம் பண்ற கடை, அங்க ஒரே ஒரு டேப்ப டெஸ்டுக்குன்னு குடுத்தேன். மறுநாளே ரெடின்னாங்க. வாங்கிட்டு வந்து கேட்டா ஒரு காதுல மட்டும்தான் பாட்டு, அதுவும் தலகாணிய வச்சு அமுக்குன மாதிரி, தரம் குறைஞ்ச 128 கேபிபிஎஸ் எம்பி த்ரீ. கேசட்ட திறந்து பாத்தா டேப்பு ஒரு முழ நீளத்துக்கு மெஷினு கடிச்சு சுருண்டு போயி நடுவுல அறுந்து கிடக்கு, அத அப்பிடியே உள்ள சுத்தி வச்சு மூடிக் குடுத்துட்டாங்க. கேட்டதுக்கு "பழசு சார், அது அப்பிடித்தான் இருந்துச்சு"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. முப்பது வருஷத்துக்கு மேல ஒருத்தர் பத்திரமா வச்சிருந்தது என் கையில வந்து ஒரே வாரத்துல இப்பிடி ஆயிருச்சேன்னு.

ஒரு நண்பர் சொல்லித்தான் டவுன்ஹால் ரோட்டு அண்ணன்கிட்ட போனேன். நெத்தி நிறைய விபூதி, வயசு அறுபது இருக்கும், 90கள்ல ரெக்கார்டிங் சென்டர்ல வள்ளி திருமணம் நாடக கேசட், திருவிழா பாட்டுன்னு பதிஞ்ச ஆளு. டப்பாவ முழுசா அவர் முன்னாடி வச்சேன். ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தாரு. கடையில வாங்குன அஞ்சையும் எடுத்து என் பக்கம் தள்ளிட்டு, "இதெல்லாம் நெட்டுலயே நல்லா கிடைக்கும் தம்பி, இதுக்கு எதுக்கு எனக்குக் காசு குடுக்குறீங்க, இந்த ஒம்பதையும் மட்டும் வைங்க"ன்னாரு. எனக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துருச்சு.

அப்புறம் ஒரு பென்சில விட்டு லேசா சுத்திப் பாத்தாரு. கொடைக்கானல் ஈரத்துல இருந்ததுனால மூணு டேப்புல ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. அத அப்பிடியே டெக்குல போட்டா டேப்ப படிக்கிற ஹெட்டுல அப்பிக்கும், அடுத்த டேப்புக்கும் ஒட்டும், அதனால இத தனியா வச்சுக்கிறேன்னு ஒரு கவர்ல போட்டு கட்டிட்டாரு. அந்த மூணும் இன்னும் என் கைக்கு வரல, அவர்கிட்டதான் இருக்கு. இன்னொண்ணுல பாட்டு படுற இடத்துல டேப்ப ஹெட்டோட சேத்து அமுக்க ஒரு குட்டி பஞ்சு பேடு இருக்கும்ல, அது பசை காஞ்சு உள்ளயே விழுந்து கிடந்துச்சு, அது இல்லாம ஓட்டுனா சத்தம் கிட்ட வந்து கிட்ட வந்து போகும். அந்தக் கேசட்டுக்கு வேற புதுக் கூடு போட்டாரு. அஞ்சு ஸ்க்ரூவ கழட்டி, ரெண்டு சுருளையும் ஒரு விரலால அமுக்கிப் பிடிச்சு அப்பிடியே தூக்கி அந்தக் கூட்டுக்குள்ள வச்சாரு, நான் மூச்சே விடல.

அறுந்த டேப்ப எனக்கு முன்னாடியே ஒட்டுனாரு. சாய்வா வெட்டி, பின்பக்கமா ஒட்டுறதுக்குன்னே இருக்குற மெல்லிசு டேப்ப வச்சு ஒட்டி நகத்தால தேய்ச்சாரு. சாதா செல்லோ டேப்ப ஒட்டிறாதீங்க, வெயில்ல பசை உருகி சுருளே ஒட்டிக்கும்னு சொன்னாரு, வீட்ல யாராவது அப்பிடி ஒட்டி வச்சிருந்தா சொல்றேன். போனது ஒரு மூணு செகண்ட் பாட்டு, அது போனதுதான்.

இப்ப நான் இந்த ரிவ்யூ எழுதுறதுக்கே காரணமான விஷயம். அறுந்த அதே டேப்ப, அந்த இன்னொரு கடைக்காரன் தலகாணி சத்தத்துல குடுத்தானே, அத இவரு டெக்குல போட்டாரு. மொதல்ல அதே மாதிரி அமுங்கித்தான் கேட்டுச்சு. எனக்கு மனசு விட்டுப் போச்சு, டேப்பே இப்பிடித்தான் போலன்னு. அவரு ஒண்ணும் சொல்லல, சின்ன ஸ்க்ரூ டிரைவர எடுத்து ஹெட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஸ்க்ரூவுல வச்சு, ரெண்டு சேனலையும் ஒண்ணாக்கி மோனோவுல ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே, கண்ண மூடிக்கிட்டு, கால் சுத்து கூட இருக்காது, திருப்புனாரு. திருப்பிட்டு ஹெட்போன என் காதுல வச்சாரு. டிரம்ஸ்ல சிம்பல் தட்டு விழுற சத்தம் அப்பிடியே தண்ணிக்குள்ள இருந்து மேல வந்துச்சு. பாடுறவனோட ச, ஷ எல்லாம் கேக்குது. அவன் மூச்சு இழுக்குறது கேக்குது. நான் அப்பத்தான் அந்தப் பாட்டுக்கு வார்த்தை இருக்குன்னே தெரிஞ்சுக்கிட்டேன்.

இதுக்குப் பேரு அசிமத்துன்னாரு. டேப்போட அகலமே 4 மில்லிமீட்டருக்கும் குறைச்சல், ஹெட்டு அதுக்கு நேரா நட்டுக்க நிக்கணும், ஒரு மயிரிழை சாஞ்சா மேல் சத்தம் மொத்தமா போயிரும். கடையில வாங்குற கேசட்டெல்லாம் ஓரளவுக்கு நேரா பதிஞ்சிருக்கும். ஆனா டெமோ அப்பிடி இல்ல, எவன் வீட்டு டெக்குல பதிஞ்சானோ அந்த டெக்கு எவ்ளோ சாஞ்சிருந்துச்சோ அவ்ளோ சாஞ்சுதான் டேப்புல இருக்கும், நம்மளும் அதே அளவு சாச்சாத்தான் முழுசா கிடைக்கும். அதனால அவரு ஒவ்வொரு டேப்புக்கும், சில டேப்புக்கு ஏ சைடுக்கு ஒரு தடவ பி சைடுக்கு ஒரு தடவன்னு, திருப்பித் திருப்பி வச்சுத்தான் எடுக்குறாரு. எல்லாம் முடிஞ்சதும் டெஸ்ட் டேப்ப போட்டு பழைய இடத்துக்கே கொண்டு வந்துர்றாரு. யூஎஸ்பி குத்துற பிளாஸ்டிக் கேசட் பிளேயர ஆன்லைன்ல வாங்கி வீட்லயே பண்ணிரலாம்னு நினைக்கிறவங்க இத ஒரு தடவ நேர்ல வந்து கேளுங்க.

இரைச்சல குறைக்கிற டால்பியும் அப்பிடித்தான். லேபிள்ல டால்பி "பி"ன்னு டிக் போட்டிருந்தா அதுக்கு ஏத்த மாதிரி போடுறாரு, இல்லாததுக்கு போட மாட்டேங்குறாரு. அந்த இன்னொரு கடையில எல்லாத்துக்கும் ஆன்ல வச்சிருந்தாங்கன்னு நினைக்கிறேன்.

இப்ப அந்த ஒரு கேசட். இதப் பத்தித்தான் எங்க வீட்ல முப்பது வருஷமா பேச்சு. லேபிள்ல பேண்டு பேரு அழிஞ்சு போச்சு, ஒரு வசனத்தோட எண்ணு மட்டும் இருக்கு, சங்கீதம் 40. நான் சின்னப் பையனா இருக்குறப்ப சித்தப்பா ஒரு நாள் இத டேப் ரெக்கார்டர்ல போட்டாரு, ஏ சைடுல யானை நடக்குற மாதிரி டொம் டொம்னு மெதுவா ஏதோ இழுக்குது, திருப்பி பி சைடு போட்டா ஒரு ஆம்பள குரல், என்ன பாஷைன்னே தெரியல, உள் இழுத்து உள் இழுத்து, ரொம்ப ஆழத்துல இருந்து பேசுற மாதிரி. எங்க அப்பத்தா ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, பிசாசு டேப்புன்னு சொல்லி அத வீட்ட விட்டு எடுக்கச் சொல்லிட்டாங்க. சித்தப்பா எடுக்கல, டப்பாவுக்கு அடியில வச்சுட்டாரு, ஆனா அப்புறம் ஒரு நாளும் போடல.

அப்பத்தா பயந்ததுல ஒரு ஆச்சரியமும் இல்ல. 80கள்ல அமெரிக்காவுலயே பாட்டத் தலகீழா ஓட்டுனா சாத்தான் பேசுறான்னு பெரிய பீதியே கெளம்புச்சு, ரெக்கார்டையெல்லாம் குவிச்சு வச்சுக் கொளுத்துனாங்க. பெட்ராகாரங்க 1982ல வந்த ஆல்பத்துல வேணும்னே ஒரு வரியத் தலகீழா வச்சாங்க, திருப்பிக் கேட்டா, கர்த்தரத் தேட வேண்டிய நேரத்துல நீ எதுக்கு பிசாசத் தேடிக்கிட்டு இருக்கன்னு கேக்கும்.

அண்ணன் அந்த டேப்ப பத்து செகண்ட்தான் கேட்டாரு. திருப்பிப் போட்டு இன்னொரு பத்து செகண்ட். முகம் மலந்துருச்சு. "தம்பி, இது போர்ட்டா டேப்புய்யா, ஃபோர் டிராக், இதுல நான் நாலு வருஷம் சோறு தின்னுருக்கேன்"னாரு.

விஷயம் இதான். சாதா கேசட்டுல ஏ சைடுக்கு ரெண்டு தடம், பி சைடுக்கு ரெண்டு தடம், அது எதிர்ப்பக்கம் ஓடும். 1979ல டியாக் கம்பெனிக்காரன் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோன்னு ஒரு மெஷின் விட்டான், அது நாலு தடத்தையும் ஒரே பக்கமா, அதுவும் ரெட்டை வேகத்துல பதியும். டிரம்ஸ் ஒரு தடம், பேஸ் கிட்டார் ஒரு தடம், லீட் கிட்டார் ஒண்ணு, குரல் ஒண்ணுன்னு தனித்தனியா பதிஞ்சு அப்புறம் கலந்துக்கலாம். ஸ்டூடியோவுக்குக் காசு இல்லாத பசங்களுக்கு அது பெரிய வரம், அமெரிக்க பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1982ல விட்ட நெப்ராஸ்கா ஆல்பமே அதுலதான் பதிஞ்சாரு. 60 நிமிஷ டேப்புல 15 நிமிஷம்தான் பிடிக்கும். அத சாதா டெக்குல போட்டா ஏ சைடுல மொத ரெண்டு தடம் பாதி வேகத்துல ஓடும், அதான் யானை. பி சைடுல மத்த ரெண்டு தடமும் பாதி வேகத்துல தலகீழா ஓடும், அதான் அப்பத்தா கேட்ட பிசாசு. அப்ப இது காப்பி கூட இல்ல, மூல டேப்பு. அந்த வாத்தியாரு இந்த பேண்டுல வாசிச்சிருக்கணும், இல்லாட்டி இது அவர் கைக்கு வர வழியே இல்லன்னு அண்ணன் சொல்றாரு, எனக்கும் அப்பிடித்தான் தோணுது.

போர்ட்டா மெஷின் இப்ப அவர்கிட்ட இல்ல, வித்துட்டாராம். அதனால ரெண்டு சைடையும் சாதா டெக்குலயே உசந்த தரத்துல கம்ப்யூட்டருக்கு எடுத்து, பி சைட அங்க தலகீழா திருப்பி, ரெண்டையும் வேகம் ரெட்டிப்பாக்கி, நாலு தடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சாரு. சொல்றதுக்கு சுலபம். ரெண்டு தடவ தனித்தனியா ஓட்டுனதுனால டெக்கு வேகம் கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஆரம்பத்துல சேந்து போற குரலும் டிரம்ஸும் ஒரு நிமிஷத்துல பிரிஞ்சுரும், அத துண்டு துண்டா வெட்டி நகட்டி நகட்டி சேத்திருக்காரு. ரெண்டு வாரம் ராத்திரியில உக்காந்து செஞ்சதா சொன்னாரு.

மூணு பாட்டு. கேக்குறதுக்கு நான் மட்டும் போகல, சித்தியையும் கூட்டிட்டுப் போனேன், அந்த மாடிப்படி ஏற அவங்களுக்கு பத்து நிமிஷம் ஆச்சு. மொத பாட்டு ஹார்ட் ராக், நல்ல கிட்டார், சுமாரான குரல். ரெண்டாவது வேகமா போகும், அதுல டபுள் பேஸ் டிரம் வர்ற இடத்துல அண்ணன் கையத் தட்டி "இந்தப் பய நம்ம நையாண்டி மேளத்துல தவில் அடிக்க வேண்டிய ஆளு"ன்னாரு, நிஜமாவே அந்த உருட்டு அப்பிடித்தான் இருந்துச்சு. மூணாவது மெதுவான பாட்டு, மொத பாதி கிட்டார் மட்டும், அப்புறம் எல்லாம் நின்னு குரல் மட்டும் தனியா வருது. அண்ணன் மத்த மூணு தடத்தையும் இறக்கிட்டு குரல மட்டும் விட்டாரு. பாடி முடிச்சதும் அந்த ஆளு மைக்க ஆஃப் பண்ணாம மெதுவா ரெண்டு வரி பேசுறான், ஆண்டவரே இத யாரு கேக்கப் போறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, கேக்குறவங்களோட நீங்க இருங்கன்னு. நான் சித்திக்கு அத தமிழ்ல சொன்னேன். பிசாசு பேசுதுன்னு அப்பத்தா ஜெபம் பண்ணுனது இந்த வரிக்குத்தான். சித்தி ஆமென்னு மட்டும் சொன்னாங்க.

இதக் கேட்டுட்டு இறங்குறப்ப எனக்கு பரட்டை ஞாபகம்தான் வந்துச்சு, அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில இருந்த தியோபிலஸ் அப்பாவு. பறையும் கிராமத்து மெட்டும் சர்ச்சுக்குள்ள வரக்கூடாதுன்னு நினைச்ச ஆளுங்க இருந்த ஊருல, வழிபாட்டையே கிராமிய இசையில அமைச்ச மனுஷன், 2005ல இறந்துட்டாரு. சிகாகோவுல ஒருத்தன் ஆம்ப் வச்சதும் அரசரடியில ஒருத்தர் பறை வச்சதும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது. ரெண்டு பேரையும் பாத்து எங்க ஆளுங்க கேட்ட கேள்வியும் ஒண்ணுதான், இதெல்லாம் சர்ச்சுக்குள்ள எதுக்குன்னு.

இன்னொரு டேப்பு, இதுல ப்ளட்குட் 1985 டெமோன்னு எழுதியிருக்கு, சியாட்டில் பேண்டு, அடுத்த வருஷம் அவங்க மொத ஆல்பம் வந்துச்சு. இது சித்தப்பாவே காப்பி எடுத்தது, புது டேப்பு வாங்கக் காசு இல்லாம வீட்ல இருந்த ஒரு கீர்த்தனை கேசட்டு மேலயே பதிஞ்சுட்டாரு, பாட்டு அழியாம இருக்க மேல உடைச்சிருந்த ஓட்டையில, திரும்பப் பதியுறதுக்காக பேப்பர மடிச்சு அடைச்சது இன்னும் அப்பிடியே இருக்கு. அவரு டேப் ரெக்கார்டர்ல அழிக்கிற ஹெட்டு சரியா வேலை செய்யல போல, ரெண்டாவது பாட்டுக்கும் மூணாவது பாட்டுக்கும் நடுவுல வர்ற இடைவெளியில, ஆறு செகண்ட் இருக்கும், ரொம்ப தூரத்துல ஆர்மோனியமும் பொம்பளைங்க பாடுறதும் கேக்குது. அண்ணன் போன் பண்ணி "தம்பி, பின்னாடி ஒரு கீர்த்தனை நிக்குது, அத எடுத்துரவா"ன்னு கேட்டாரு. வேணாம்ணே இருக்கட்டும்னேன். மத்த மூணு டேப்பும் சாதா காப்பி, நல்லா வந்திருக்கு, ஒண்ணு மட்டும் பாட்டே எனக்குப் பிடிக்கல.

குறையும் சொல்லணும். ரொம்ப லேட்டு. ரெண்டு வாரம்னு சொன்னது ஏழு வாரம் ஆச்சு. போன் எடுக்க மாட்டாரு, வேலையில இருந்தா ஹெட்போன் மாட்டியிருப்பாரு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நேர்ல போறதுதான் வழி. ஃபைலுக்கு பேரு வைக்க மாட்டாரு, ஒரு சைடு ஒரே நீள ஃபைலா வரும், பாட்டு பாட்டா வெட்டுறது நம்ம வேலை. அப்புறம் மொத தடவ குடுத்த காப்பியில கேக்குறவங்களுக்கு இதமா இருக்கட்டும்னு இரைச்சல் எடுக்குற சாஃப்ட்வேர போட்டுட்டாரு, இரைச்சலோட சிம்பலும் சேந்து போச்சு, அந்த ஸ்க்ரூ திருப்பி வெளிய கொண்டு வந்ததே அதத்தான். பேரோசையுள்ள கைத்தாளங்களால் அவரைத் துதியுங்கள்னு சங்கீதம் 150ல இருக்குண்ணே, அந்த கைத்தாளத்த திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு, மறுபடியும் எடுத்துக் குடுத்தாரு, காசு வாங்கல. நீங்க குடுக்குறப்பவே இரைச்சல் எடுக்க வேணாம், அப்பிடியே சத்தத்த அமுக்காத வேவ் ஃபைலா குடுங்கன்னு சொல்லிருங்க, தேவைன்னா அப்புறம் நம்ம எடுத்துக்கலாம், எடுத்தது திரும்பி வராது.

காசு: 60 நிமிஷ டேப்பு 200, 90 நிமிஷத்துக்கு 300. அந்த ஃபோர் டிராக்குக்கு மட்டும் 1200 கேட்டாரு, ரெண்டு வாரம் ராத்திரி வேலைக்கு அது எனக்குக் குறைச்சலாத்தான் பட்டுச்சு, கூடக் குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாரு. ஒட்டுனதுக்கும் புதுக் கூட்டுக்கும் சேத்து 130. ஆறு டேப்புக்கு மொத்தம் 2430. பென்டிரைவ் நம்ம கொண்டு போகணும், 16 ஜிபி தாராளம்.

போறவங்க டேப்ப பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெயில்ல பைக் டேங்க் மேல வச்சுக் கொண்டு போகாதீங்க, டப்பாவுல வச்சு பையில போட்டுக் கொண்டு போங்க. வீட்ல போட்டுப் பாக்கவும் வேணாம், ஓரத்துல வெள்ளையா தெரிஞ்சா கண்டிப்பா வேணாம். பூஞ்சை புடிச்ச மூணுல ஒண்ணு சுத்தம் பண்ணி முடிஞ்சுருச்சுன்னு நேத்து அண்ணன் ஆள் மூலமா சொல்லி விட்டிருக்காரு, சனிக்கிழமை சாயங்காலம் போறேன், சித்தியும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.